சலூனில் வரும் டிப்ஸுக்கு அமெரிக்காவில் வரி: ஊழியருக்கும் உரிமையாளருக்கும் முழுமையான வழிகாட்டி

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் ஒரு பெரிய வரிச் சட்டம் கையெழுத்தானது. அதைப் பற்றிப் பரவிய செய்தி ஒரே வரிதான்: ‘இனி டிப்ஸுக்கு வரி கிடையாது.’ இதைக் கேட்டதும் பலருக்கு, டிப்ஸை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம், எழுதி வைக்கவும் வேண்டாம் என்றுதான் தோன்றும். சட்டம் சொல்வது அதற்கு நேர் எதிர். சலுகை உண்டு, நல்ல சலுகைதான். ஆனால் கணக்கில் காட்டிய டிப்ஸுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். எழுதி வைக்காத டிப்ஸால் ஊழியர் தன் வரிக் கழிவை இழக்கிறார், உரிமையாளர் தன் டாக்ஸ் கிரெடிட்டை (கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறையும் தொகையை) இழக்கிறார்.

புருவ திரெடிங் கடைகளிலும் சிறு பார்லர்களிலும் வேலை செய்பவர்களில் நம் துணைக்கண்டத்துப் பெண்கள் ஏராளம். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான விசா) வந்து, வேலை அனுமதி அட்டை கிடைத்ததும் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்ட தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களையும், நாலைந்து பேரை வைத்துக் கடை நடத்துபவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நீங்கள் ஊழியரா, நாற்காலியை வாடகைக்கு எடுத்தவரா?

மற்ற எல்லாக் கணக்கும் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்ததுதான். வேலை நேரத்தைக் கடை முடிவு செய்கிறது, விலைப்பட்டியல் கடையுடையது, நூலும் மெழுகும் கடை வாங்கித் தருகிறது, வாடிக்கையாளர் கடைக்குப் பணம் கட்டுகிறார் என்றால் நீங்கள் ஊழியர். வருடக் கடைசியில் உங்களுக்கு டபிள்யூ-2 (வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) வர வேண்டும். உங்கள் விலையை நீங்களே வைக்கிறீர்கள், அப்பாயின்ட்மென்ட்டும் பொருள்களும் உங்களுடையவை, கடைக்கு வாரம் இவ்வளவு என்று வாடகை மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் நீங்கள் சுயதொழில் செய்பவர்.

ஊழியராக நடத்திக்கொண்டே, பேரோல் வரியை (ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இரண்டுக்குமான வரி) மிச்சப்படுத்த 1099 (ஊழியர் அல்லாதவருக்கான வருமானப் படிவம்) கொடுக்கும் கடைகள் உண்டு. அங்கே வேலை செய்பவர் தலையில் 7.65 சதவீதத்துக்குப் பதிலாக 15.3 சதவீத சுயதொழில் வரி விழுகிறது. சந்தேகம் இருந்தால் படிவம் எஸ்எஸ்-8 அனுப்பி ஐஆர்எஸ்ஸையே (அமெரிக்க வரித்துறையையே) முடிவு செய்யச் சொல்லலாம். அதை ஊழியரும் அனுப்பலாம், கடையும் அனுப்பலாம். உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கீழே 6ஆம் படியில் வரும் டாக்ஸ் கிரெடிட், டபிள்யூ-2 ஊழியர்களின் டிப்ஸுக்கு மட்டும்தான். 1099 கொடுத்தால் அது போய்விடும்.

படி 2: எது டிப்ஸ், எது சர்வீஸ் சார்ஜ் என்று பிரியுங்கள்

பில்லில் ‘டிப்ஸ்’ என்று அச்சடித்துவிட்டால் அது டிப்ஸ் ஆகிவிடாது. 2012இல் ஐஆர்எஸ் வெளியிட்ட 2012-18 என்ற தீர்ப்பு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. வாடிக்கையாளர் கட்டாயமில்லாமல் கொடுத்தாரா? எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்தாரா? தொகை பேரம் பேசியோ கடையின் விதிப்படியோ வராமல் இருந்ததா? யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ய முடிந்ததா? இதில் ஒன்று தவறினாலே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு கல்யாண மேக்கப் பில்லை எடுத்துக்கொள்வோம். மணப்பெண்ணும் தோழியர் ஐந்து பேரும் சேர்ந்து 600 டாலர். கீழே ‘குழு முன்பதிவுக்கு 20 சதவீத டிப்ஸ் சேர்க்கப்படும்’ என்று ஒரு வாசகம், அதற்கு 120 டாலர். இந்த 120 டிப்ஸே அல்ல, சர்வீஸ் சார்ஜ். அது முதலில் கடையின் வருமானம். அதை ஊழியருக்குக் கொடுத்தால் சாதாரணச் சம்பளம். ஊழியருக்கு டிப்ஸ் கழிவு கிடையாது, கடைக்கு டிப்ஸ் கிரெடிட்டும் கிடையாது. அதே பில்லில் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு 15, 18, 20 சதவீதம் என்று யோசனை மட்டும் போட்டு, வேறு தொகையோ பூஜ்யமோ போட இடம் விட்டால், வாடிக்கையாளர் போடும் தொகை முழுவதும் டிப்ஸ். குழு முன்பதிவு அதிகம் எடுக்கும் கடைகள் இந்த ஒரு வாசகத்தை இன்றைக்கே திருத்த வேண்டும் என்பது என் கருத்து. கவுன்டரில் இருக்கும் டேப்லெட்டையும் ஒருமுறை பாருங்கள். ‘டிப்ஸ் வேண்டாம்’ பொத்தானை யாராவது எடுத்துவிட்டிருந்தால் திரும்பப் போடுங்கள்.

கார்டில் வந்தது, ரொக்கம், ஸெல், வென்மோ போன்ற போன் வழிப் பணம் எல்லாமே வரிக் கணக்கில் ‘ரொக்க டிப்ஸ்’தான். சக ஊழியர் பிரித்துக் கொடுத்த பங்கும் அதில் சேரும். சினிமா டிக்கெட், தீபாவளிக்குக் கொடுத்த பொருள் போன்றவற்றைக் கடையிடம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் மதிப்பை உங்கள் ரிட்டர்னில் (வருடாந்திர வரிக் கணக்கில்) வருமானமாகக் காட்ட வேண்டும்.

படி 3: தினமும் எழுதுங்கள், 10ஆம் தேதிக்குள் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். ஒரு சின்ன நோட்டு போதும். போனில் எழுதினாலும் சரி. ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கலாம்:

மார்ச் 14, சனி. கார்டு 46. ரொக்கம் 31. ஸெல் 10. தலை அலசிவிட்டவருக்குக் கொடுத்தது 8. நிகரம் 79.

யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயரையும் எழுதுங்கள். நீங்கள் காட்ட வேண்டியது 79 மட்டும். அந்த 8 டாலர் அவருடைய கணக்கில் வரும். இந்தப் பெயர் எழுதாமல் போவதால்தான் பிற்பாடு ஒரே டிப்ஸுக்கு இரண்டு பேர் வரி கட்டும் நிலை வருகிறது.

ஒரு மாதத்தில் ஒரு கடையில் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வந்தால், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கடையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 10ஆம் தேதி சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள். உதாரணமாக 2026 ஏப்ரல் மாத டிப்ஸுக்குக் கெடு மே 10. அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் மே 11 திங்கள் வரை நேரம் உண்டு. இரண்டு கடைகளில் வேலை செய்தால் 20 டாலர் கணக்கு ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி. 20க்குக் குறைந்த மாதத்தில் கடையிடம் கொடுக்கத் தேவையில்லை, வருமான வரிக் கணக்கில் மட்டும் சேரும்.

குறிப்பிட்ட படிவம்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், கடையின் பெயர், முகவரி, எந்த மாதம், மொத்தம் எவ்வளவு, கையெழுத்து. இவ்வளவு இருந்தால் ஒரு வெள்ளைத்தாள் போதும். பில்லிங் மென்பொருளில் இந்த வசதி இருந்தால் அதிலேயே பதிவு செய்யலாம். கார்டில் வந்த டிப்ஸ் கடைக்கு ஏற்கெனவே தெரியுமே என்று ரொக்கத்தை விட்டுவிடக் கூடாது. கடைக்குத் தெரியாத பகுதியைச் சொல்வதற்குத்தான் இந்தத் தாளே.

கொடுக்காமல் விட்டால்? அந்த டிப்ஸுக்கு உரிய சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியில் 50 சதவீதம் வரை அபராதம் வரலாம். வரி தனி, அபராதம் தனி. விடுபட்டதை ஊழியரே சரிசெய்யும் வழி படிவம் 4137. அதை ரிட்டர்னோடு சேர்த்துப் போடலாம்.

எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும். 2025இல் 1,810 டாலர் வருமானத்துக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. கணக்கில் காட்டிய டிப்ஸ் இந்த வருமானத்தில் சேரும், ஓய்வூதியத் தொகையையும் கூட்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இல்லாததால், ஊரில் வேலை செய்த வருடங்களை இங்கே சேர்த்துக்கொள்ள முடியாது. பகுதி நேரமாக வேலை செய்கிற ஒருவருக்கு, மறைத்த டிப்ஸ் என்பது தன் முதுமைக்குச் சேர வேண்டியதைத் தானே குறைத்துக்கொள்வதுதான்.

படி 4: உரிமையாளர் பிடிக்க வேண்டியதும் காட்ட வேண்டியதும்

ஊழியர் கொடுத்த தாள் கைக்கு வந்ததும், அந்த டிப்ஸும் சம்பளம் மாதிரிதான். சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம், அதோடு வருமான வரிப் பிடித்தம். இதே 7.65 சதவீதத்தைக் கடையும் தன் பங்காகக் கட்ட வேண்டும். ரொக்க டிப்ஸ் ஏற்கெனவே ஊழியர் கையில் இருப்பதால், பிடித்தம் அவருடைய சம்பளத்திலிருந்துதான் போகும். சம்பளம் அதற்குப் போதவில்லை என்றால் ஊழியர் பணமாகக் கொடுக்கலாம். கொடுக்கவில்லை என்றால், பிடிக்க முடியாமல் போன சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் தொகையை டபிள்யூ-2இன் 12ஆம் கட்டத்தில் ஏ, பி குறியீடுகளோடு காட்டினால் போதும். அதை ஊழியர் தன் ரிட்டர்னில் கட்டிக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் படிவம் 941இல் டிப்ஸுக்கென்றே 5பி என்ற தனி வரிசை இருக்கிறது. சம்பளத்தோடு கலந்து 5ஏ வரிசையில் போட்டுவிட்டால் கட்டும் வரி மாறாது. ஆனால் வருடக் கடைசியில் டபிள்யூ-2இன் 7ஆம் கட்டத்தோடு கணக்கு ஒத்துப்போகாது. 7ஆம் கட்டம்தான் சோஷியல் செக்யூரிட்டி டிப்ஸ். 3ஆம் கட்டத்தில் டிப்ஸ் வரக் கூடாது. 1ஆம், 5ஆம் கட்டங்களில் சம்பளமும் டிப்ஸும் சேர்ந்தே வரும். இதை ஜனவரியில் சரிபார்ப்பதைவிட, பேரோல் மென்பொருளில் ‘டிப்ஸ்’ என்று தனி வருமான வகையை இப்போதே ஏற்படுத்திவிடுவது நல்லது.

2025ஆம் ஆண்டு டபிள்யூ-2 பழைய வடிவிலேயே இருந்தது. 2026ஆம் ஆண்டுக்கான படிவத்தில் இரண்டு புதிய தகவல்கள் சேர்கின்றன. 12ஆம் கட்டத்தில் டிபி என்ற குறியீட்டோடு ரொக்க டிப்ஸின் மொத்தம், 14பி கட்டத்தில் ஊழியரின் தொழிலுக்கான குறியீட்டு எண். அதாவது, ஒவ்வொரு ஊழியரும் எந்த வேலைக்காக டிப்ஸ் வாங்குகிறார் என்பதைக் கடை பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். திரெடிங்கும் செய்து, நகமும் பார்த்துக்கொள்பவர் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

படி 5: ஊழியரின் 25,000 டாலர் கழிவு

இப்போது அந்தப் பிரபலமான சலுகைக்கு வருவோம். 2025 முதல் 2028 வரை நான்கு வரி ஆண்டுகளுக்கு, தகுதியுள்ள டிப்ஸில் வருடத்துக்கு 25,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு) எடுப்பவருக்கும் உண்டு, தனித்தனியாகச் செலவுக் கழிவு எடுப்பவருக்கும் உண்டு. 1040 ரிட்டர்னோடு ஷெட்யூல் 1-ஏ என்ற புதிய தாளில் இதைக் கேட்க வேண்டும். தானாக வராது.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் தொழில், 2024 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே வழக்கமாக டிப்ஸ் வாங்கும் தொழிலாக இருக்க வேண்டும். கருவூலத் துறை 2025 செப்டம்பரில் வெளியிட்ட தொழில் பட்டியலில் முடி வெட்டுபவர்கள், தலை அலசுபவர்கள், நக அழகுக் கலைஞர்கள், மேக்கப் கலைஞர்கள், மசாஜ் செய்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். புருவ திரெடிங், வேக்ஸிங் செய்பவர்களுக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் கவலை இல்லை.

வேலை செய்யச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். ஐடிஐஎன் எண்ணை (சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காதவர்களுக்கு வரித்துறை தரும் எண்ணை) வைத்து ரிட்டர்ன் போடுபவருக்குக் கழிவு கிடையாது. கல்யாணமானவர் என்றால் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் இந்தக் கழிவு கிடைக்காது. வருமானம் தனிநபருக்கு 1,50,000 டாலரைத் தாண்டினாலும், சேர்ந்து போடுபவர்களுக்கு 3,00,000 டாலரைத் தாண்டினாலும், தாண்டிய ஒவ்வொரு 1,000 டாலருக்கும் கழிவில் 100 டாலர் குறையும். கணவன் மனைவி வருமானம் 3,20,000 என்றால் 2,000 டாலர் குறையும், அவ்வளவுதான்.

சரி, கையில் எவ்வளவு மிஞ்சும்? டெக்சஸில் ஒரு ஊழியர் மாதம் 120 மணி நேரம், மணிக்கு 12 டாலருக்கு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் மாதம் 1,440, டிப்ஸ் 900. வருடத்துக்குச் சம்பளம் 17,280, டிப்ஸ் 10,800, மொத்தம் 28,080. அவர் தனியாள் என்றால் 2025இன் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 போக 12,330 டாலருக்கு வரி, அதாவது ஏறக்குறைய 1,241 டாலர். டிப்ஸ் கழிவையும் எடுத்தால் வரிக்கு உரியது 1,530 மட்டும், வரி 153 டாலர். மிச்சம் சுமார் 1,088.

இதே ஊழியர் கணவரோடு சேர்ந்து ரிட்டர்ன் போடுகிறார், கணவருக்குச் சம்பளம் 1,10,000 என்றால் கணக்கு மாறுகிறது. மொத்தம் 1,38,080. அதில் இருவருக்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 கழிந்தால் 1,06,580. இருவர் சேர்ந்த ரிட்டர்னில் 96,950க்கு மேல் 22 சதவீத வரி. டிப்ஸ் 10,800 கழிந்ததும் அந்த 22 சதவீதப் பகுதி முழுவதும் காணாமல் போகிறது. மிச்சம் சுமார் 2,259 டாலர். ‘அவருடைய சம்பளத்துக்கு முன்னால் என் டிப்ஸ் எம்மாத்திரம்’ என்று நினைத்துக் காட்டாமல் விடும் குடும்பங்களுக்குத்தான் இந்தச் சலுகை அதிகம் கொடுக்கிறது.

கழிவால் குறையாதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி குறையாது. மேலே சொன்ன ஊழியர் டிப்ஸுக்காக வருடம் 826.20 டாலரை அந்தக் கணக்கில் கட்டத்தான் வேண்டும். மாநில வருமான வரி தனி. டெக்சஸ், ஃபுளோரிடாவில் அந்த வரியே இல்லை, ஆனால் கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் டிப்ஸ் முழுவதற்கும் மாநில வரி உண்டு. மருத்துவக் காப்பீட்டு மானியம் போன்றவற்றுக்குப் பார்க்கும் வருமானத்தையும் இந்தக் கழிவு குறைக்காது. அந்தத் தொகை நிர்ணயமான பிறகுதான் இந்தக் கழிவு வருகிறது.

2025 டபிள்யூ-2இல் தனிக் கட்டம் இல்லாததால், 7ஆம் கட்டத்தில் உள்ள தொகையையோ, கடையிடம் மாதாமாதம் கொடுத்த தாள்களின் மொத்தத்தையோ எடுத்துக்கொள்ளலாம். 4137இல் காட்டியதையும் சேர்க்கலாம். நோட்டு எழுதியவருக்கு இது பத்து நிமிட வேலை.

நாற்காலி வாடகைக்காரர்களுக்கும் இந்தக் கழிவு உண்டு, ஆனால் வழி கொஞ்சம் குறுகலானது. கழிவு, அந்தத் தொழிலின் நிகர லாபத்தைத் தாண்ட முடியாது. சுயதொழில் வரியும் குறையாது. அப்புறம், டிப்ஸ் தொகை உங்களுக்கு வரும் 1099 படிவங்களில் ஏதாவது ஒன்றில் அடங்கியிருக்க வேண்டும். கையில் நேராக வாங்கிய ரொக்கம் எந்த 1099இலும் வராது என்பதால், வாடகை நாற்காலியில் இருப்பவர்கள் டிப்ஸைக் கார்டு வழியாகவே வாங்கிக்கொள்வது நல்லது. உங்களுக்குப் பிடித்தம் செய்ய யாரும் இல்லை என்பதால், ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 ஆகிய நாள்களில் முன்கூட்டிய வரியையும் நீங்களே கட்ட வேண்டும்.

படி 6: உரிமையாளரின் டாக்ஸ் கிரெடிட், படிவம் 8846

ஊழியரின் கழிவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே சட்டத்தில் சலூன் உரிமையாளருக்குக் கிடைத்தது செய்தியில் அதிகம் வரவில்லை. ஊழியரின் டிப்ஸுக்காகக் கடை தன் பங்காகக் கட்டும் 7.65 சதவீதத்தை டாக்ஸ் கிரெடிட்டாகத் திரும்ப எடுக்கும் வசதி, 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஓட்டல்களுக்கு இருந்தது. பார்லர்களுக்கு இல்லை. ஓட்டலில் பரிமாறுபவருக்கு ஒரு நியாயம், முடி வெட்டுபவருக்கு வேறு நியாயமா என்று அழகுத் தொழில் சங்கங்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தன. 2024 டிசம்பர் 31க்குப் பிறகு தொடங்கும் வரி ஆண்டுகளிலிருந்து முடி அலங்காரம், நகப் பராமரிப்பு, சருமப் பராமரிப்பு, உடல், ஸ்பா சிகிச்சைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் அது வந்துவிட்டது.

கணக்கு கஷ்டமில்லை. ஒவ்வொரு ஊழியருக்கும் மாதாமாதம் போட வேண்டும். மணிக்கு 7.25 டாலர் என்ற மத்திய குறைந்தபட்சக் கூலியைவிடச் சம்பளம் கூடுதலாக இருந்தால், டிப்ஸ் முழுவதும் கணக்கில் வரும். நம் டெக்சஸ் ஊழியருக்கு மணிக்கு 12 டாலர். அதனால் 900 டாலரின் 7.65 சதவீதம், மாதம் 68.85, வருடம் 826.20. இப்படி நாலு பேர் இருந்தால் 3,304.80 டாலர். இது வருமானத்தில் கழிக்கும் தொகையல்ல, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறைவது.

சம்பளம் 7.25க்குக் கீழே இருந்தால், பற்றாக்குறையை முதலில் டிப்ஸிலிருந்து கழிக்க வேண்டும். டிப்ஸை நம்பி மணிக்கு 5 டாலர் கொடுக்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். 120 மணிக்கு 7.25 வீதம் 870 வர வேண்டும், கொடுத்தது 600, பற்றாக்குறை 270. டிப்ஸ் 900இல் 270 போக 630. அதன் 7.65 சதவீதம் சுமார் 48.20. ஓட்டல்களுக்கு இந்த ஒப்பீடு இன்னும் 2007 ஜனவரியின் 5.15 டாலரிலேயே நிற்கிறது, சலூன்களுக்கு அப்படியில்லை. ஓட்டல்களுக்குப் பழகிய கணக்காளர் பழக்கதோஷத்தில் 5.15 போட்டுவிடலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவம் 8846இல் வரும் தொகை படிவம் 3800 வழியாக ரிட்டர்னுக்குப் போகும். கூட்டாண்மை, எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்கு உரிமையாளரே வரி கட்டும் நிறுவன வகை) என்றால் கே-1 (உரிமையாளரின் பங்கைக் காட்டும் படிவம்) மூலம் உரிமையாளரின் சொந்த ரிட்டர்னுக்கு வரும். கிரெடிட் எடுத்த அதே வரித்தொகையைச் செலவாகவும் எழுதக் கூடாது. அந்த வருடம் வரி குறைவாக இருந்து கிரெடிட் மிஞ்சினால் ஒரு வருடம் பின்னோக்கியும் 20 வருடம் முன்னோக்கியும் எடுத்துச் செல்லலாம். தனி உரிமையாளர் தானே திரெடிங் செய்து வாங்கும் டிப்ஸ் இதில் வராது.

படி 7: டிப்ஸில் யார் கை வைக்கக் கூடாது

2018இல் மத்தியத் தொழிலாளர் சட்டத்தில் வந்த திருத்தம் தெளிவானது: உரிமையாளரோ, மேனேஜரோ, சூப்பர்வைசரோ ஊழியரின் டிப்ஸை எடுத்துக்கொள்ளக் கூடாது. பொது உண்டியலிலிருந்து பங்கு கேட்கவும் கூடாது. மேனேஜர் தான் மட்டுமே நேரடியாகச் செய்த வேலைக்கு வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை வைத்துக்கொள்ளலாம். கடையில் ஆறு பேர் டிப்ஸையும் ஒரே டப்பாவில் போட்டு, இரவில் உரிமையாளரும் சேர்ந்து ஏழாகப் பிரிக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது சட்டவிரோதம். சலூன் ஊழியர் நாள் முழுக்கக் குனிந்து நின்று சம்பாதித்த பணம் அது.

கார்டு நிறுவனம் எடுக்கும் கட்டணத்தை டிப்ஸ் அளவுக்குக் கழித்துக்கொள்ள மத்திய விதி அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா அனுமதிப்பதில்லை. அங்கே கார்டு டிப்ஸை முழுதாக, அடுத்த சம்பள நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். டிப்ஸைக் காட்டிக் குறைந்த கூலி கொடுப்பதற்கும் அங்கே இடமில்லை. வாஷிங்டன், மின்னசோட்டா மாநிலங்களிலும் அப்படியே. மத்திய விதிப்படி 2.13 டாலர் வரை இறங்கலாம் என்றாலும், கூலியும் டிப்ஸும் சேர்ந்து 7.25 வராவிட்டால் மிச்சத்தைக் கடைதான் போட வேண்டும்.

படி 8: ஐஆர்எஸ் எப்படிப் பார்க்கிறது

ரொக்க டிப்ஸ் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணத்துக்கு 2002இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபியோர் டி’இத்தாலியா உணவகத்தின் 1991, 1992 கணக்கை ஐஆர்எஸ் எடுத்தது. கார்டு ரசீதுகளில் சராசரி டிப்ஸ் 14.49, 14.29 சதவீதம் என்று கண்டுபிடித்து, அதே சதவீதத்தை மொத்த விற்பனைக்கும் போட்டு, காட்டாத டிப்ஸை மதிப்பிட்டது. ஒவ்வொரு ஊழியரையும் தனியாக விசாரிக்காமல் இப்படி மொத்தமாக மதிப்பிடலாமா என்பதுதான் வழக்கு. செய்யலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

அதே வழியை ஒரு பார்லருக்குப் போட்டுப் பாருங்கள். கார்டு வாடிக்கையாளர்கள் சராசரி 18 சதவீதம் கொடுக்கிறார்கள், ரொக்க வாடிக்கையாளர்களின் டிப்ஸ் கணக்கில் பூஜ்யம் என்றால், அதை யாரும் நம்பப்போவதில்லை. காட்டாத டிப்ஸுக்குக் கடையின் பங்கு, ஐஆர்எஸ் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் கட்ட வேண்டியதாகிறது. அதுவரைக்கும் வட்டி ஓடாது. ஊழியருக்கு அந்தத் தயவு இல்லை.

எனவே கடை வைத்திருக்க வேண்டியவை: மாதாந்திர டிப்ஸ் தாள்கள், பில்லிங் மென்பொருளின் டிப்ஸ் அறிக்கை, உண்டியல் பிரித்த கணக்கு, 941 நகல்கள். குறைந்தது நான்கு வருடம். ஊழியரும் தன் நோட்டையும் கடைக்குக் கொடுத்த தாளின் படத்தையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கடை மூடிவிட்டால் ஆதாரம் உங்களிடம்தான் இருக்கும்.

போன வருடத்தை விட்டுவிட்டேனே என்பவர்களுக்கு

2025 ரிட்டர்னில் டிப்ஸைக் காட்டிவிட்டு ஷெட்யூல் 1-ஏ போட மறந்தவர்கள் 1040-எக்ஸ் (ரிட்டர்னைத் திருத்தும் படிவம்) மூலம் திருத்தலாம். முதல் ரிட்டர்ன் போட்டதிலிருந்து பொதுவாக மூன்று வருடம் வரை பணம் திரும்பக் கேட்கலாம். டிப்ஸையே காட்டாமல் விட்டவர்களும் அதே 1040-எக்ஸோடு 4137ஐ இணைத்துக் காட்டி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியைக் கட்டிவிட்டு, 25,000க்குள் கழிவும் கேட்கலாம். பலருக்கு இதில் வருமான வரி பெரிதாக ஏறாது. உரிமையாளர் 8846ஐ விட்டிருந்தால் திருத்தப்பட்ட ரிட்டர்னில் அதைச் சேர்க்கலாம். அதற்கு 2025இன் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வொரு ஊழியரின் மணி நேரம், சம்பளம், டிப்ஸ் மூன்றும் தனித்தனியாக வேண்டும். பேரோல் மென்பொருளிலிருந்து அந்த அறிக்கையை முதலில் எடுங்கள், அதன் பிறகு கணக்காளரைக் கூப்பிடுங்கள்.